மர்ஹூம் அஹ்மது ஜலாலுத்தீன்: ஒரு சிறுவனுக்கு உலகைக் காட்டிய மச்சான்

 

ஆண்டறிக்கையோடு வெளிவரும் இம்மலரில் நபித்தோழர்களில் ஒருவரின் சரிதையையோ, இமாம்களில் ஒருவரின் வரலாற்றையோ எழுதுவது நமது வழக்கம். இம்முறை எழுத எடுத்துக்கொண்டவர் அத்தகைய புகழ் பெற்றவர் அல்லர். அவருக்கு மணிமண்டபம் இல்லை. அவர் பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்கும் தெரியாது. ஆனால் அவர் கைபிடித்து வளர்த்த பிள்ளையைத் தெரியாதவர் நாட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்.

2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடையே பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கிச் சாய்ந்து உயிர் நீத்த முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களை நாம் சொல்கிறோம். ஜூலை 30 அன்று இராமேசுவரம் பேய்க்கரும்பில் அவர்களுடைய நல்லடக்கம் நடைபெற்றது. இரண்டாண்டுகள் கழித்து அதே இடத்தில் தேசிய நினைவகம் திறக்கப்பட்டது. நம் ஊரிலிருந்து இராமேசுவரம் சென்று வருவோர் அங்கு நின்று ஸலாம் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். நல்லதுதான். அங்கே நிற்கும்போது ஜலாலுத்தீன் என்ற பெயரையும் நினைத்து ஒரு துஆ செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இக்கட்டுரை.

கலாம் அவர்கள் 1931 அக்டோபர் 15 அன்று இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் ஜைனுலாப்தீன், ஆஷியம்மா தம்பதியருக்குப் பிறந்தார்கள். தந்தையார் யாத்திரிகர்களை இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல மரத்தாலான பாய்மரப் படகு ஒன்றைக் கட்டத் தொடங்கியபோது கலாமுக்கு ஆறு வயது. அவ்வேலையில் தந்தைக்குத் துணையாக நின்ற உறவினர்தான் அஹ்மது ஜலாலுத்தீன். பூலாம்பட்டியில் காவிரியைப் படகில் கடந்தவர்களுக்கும்கூட, விறகுத் தீயின் சூட்டில் பலகைகளைப் பதப்படுத்திக் கடலுக்கென்று ஒரு படகு உருவாகும் காட்சி புதிதாகவே இருக்கும். கடற்கரை மணலில் நின்று அதைக் கண்கொட்டாமல் பார்த்த சிறுவன், பிற்காலத்தில் இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலத் திட்டத்திற்கு இயக்குநர் ஆனான். அந்தப் படகைப் பின்னாளில் ஒரு சூறாவளி கொண்டுபோயிற்று. படகு கட்டும்போது அமைந்த நட்பு மட்டும் நிலைத்தது.

ஜலாலுத்தீன் அச்சிறுவனைவிடச் சுமார் பதினைந்து வயது மூத்தவர். பின்னர் கலாமின் அக்கா ஜொஹராவை மணந்து மச்சானும் ஆனார். குடும்பத்தின் வறுமை காரணமாகப் படிப்பைப் பாதியில் நிறுத்த நேர்ந்தவர் அவர். ஆயினும் அக்காலத்தில் அந்தத் தீவு முழுவதிலும் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்று கலாம் எழுதியிருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பமா, வெளியூருக்குக் கடிதமா, யார் வந்து கேட்டாலும் எழுதிக் கொடுப்பார். தீவில் ஒருவருக்கு வெளியுலகத்தோடு தொடர்பு வேண்டுமென்றால் அது பெரும்பாலும் ஜலாலுத்தீனின் பேனா வழியாகவே செல்லவேண்டியிருந்தது. இதைப் படித்தபோது நாம் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். காரணத்தைப் பின்னர் சொல்கிறோம்.

நாள்தோறும் மாலையில் அவ்விருவரும் நெடுந்தூரம் நடந்து செல்வர். பள்ளிவாசல் தெருவில் தொடங்கி, கோயிலைச் சுற்றியுள்ள பகுதியைக் கடந்து, கடற்கரை மணலில் முடியும் நடை அது. ஜலாலுத்தீன் அந்நேரத்தில் பேசியவை ஒரு மத்ரஸாவின் பாடத்திட்டத்தையும் ஒரு கல்லூரியின் பாடத்திட்டத்தையும் சேர்த்தாற்போல் இருந்தன. இறைவனைப் பற்றிப் பேசுவார். தம் ஐயங்களையெல்லாம் இறைவன் அருகிலேயே நின்று கேட்டுத் தீர்த்து வைப்பதுபோல அவனிடம் முறையிடுவாராம். அந்த நெருக்கம் சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அடுத்து விஞ்ஞானக் கண்டுபிடிப்புகள், மருத்துவத்தின் முன்னேற்றம், புதிய இலக்கியங்கள், படித்த மனிதர்களின் கதைகள் என்று பேச்சு நீளும். தீவை ஒருமுறைகூடத் தாண்டியிராத பிள்ளைக்கு, அதற்கு அப்பால் ஓர் உலகம் உண்டு என்று முதலில் சொன்னவர் அவரே. அச்சிறுவனை அவர் 'ஆஸாத்' என்றே அழைத்தார். மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களை நினைவூட்டும் பெயர் அது.

1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது கலாமுக்கு ஏறத்தாழ எட்டு வயது. மச்சான் சொல்லும் போர்ச் செய்திகளைக் கேட்டு, பிறகு 'தினமணி'யின் தலைப்புகளில் அவற்றைத் தேடிப் பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று. மற்றோர் உறவினரான சம்சுத்தீன் அங்கு செய்தித்தாள் முகவர். போர்க்காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்படவே, ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் கட்டுகளைப் பிடித்துச் சேகரிக்கும் வேலையைக் கலாமுக்குக் கொடுத்தவர் அவர்தான். கலாமின் முதல் சம்பாத்தியம் அது. அக்காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டதால் அதைப் பொறுக்கிக் கடையில் விற்று ஓரணா ஈட்டியதும் உண்டு. ஆக, உழைக்காத பிள்ளை என்று யாரும் கலாமைச் சொல்லிவிட முடியாது. தறிப்பட்டறையில் தார் சுற்றி வீட்டுக்கு உதவும் நம் பிள்ளைகளைப் போலவே அவரும் உழைத்தார். வேறுபாடு எங்கிருந்தது என்றால், உழைப்பதோடு பள்ளிக்கும் போயாக வேண்டும் என்று சொல்ல அவருக்கு வீட்டில் ஆள் இருந்தது.

ஆரம்பப் பள்ளி முடிந்தபின் இராமநாதபுரத்தில் படிக்க விரும்புவதாகக் கலாம் தெரிவித்தபோது தந்தையார் மனம் உவந்து அனுமதி அளித்தார்கள். ஆனால் ஒரு பிள்ளையை அனுமதித்தல் வேறு, அழைத்துச் சென்று சேர்த்துவிட்டு வருதல் வேறு. ஜலாலுத்தீனும் சம்சுத்தீனும் உடன் சென்று சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அவரைச் சேர்த்து, தங்குவதற்கும் ஏற்பாடு செய்தனர். பிள்ளைக்கோ வீட்டு நினைவு, அம்மா செய்யும் போளியின் நினைவு. அப்போதெல்லாம் மனத்தின் ஆற்றலைப் பற்றி மச்சான் சொன்ன சொற்களை நினைத்து உறுதி கொண்டதாகக் கலாம் எழுதுகிறார்கள். அப்பள்ளியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஐயாத்துரை சாலமன் அவர்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

பிறகு திருச்சி தூய வளனார் கல்லூரி. அதன்பின் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல். அங்கு சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. 1950-களின் ஆயிரம் ரூபாய். தந்தையாரிடம் அவ்வளவு தொகை இல்லை. அக்கா ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். தாமே சம்பாதித்து அந்த நகையை மீட்டுத் தருவதென்று கலாம் அன்று தமக்குள் உறுதி பூண்டார்கள். மனைவியின் கழுத்திலும் கையிலும் கிடந்த நகை மைத்துனனின் படிப்புக்குச் செல்லும்போது முகம் சுளிக்காத கணவர்கள் எத்தனை பேர்? நம் ஜமாஅத்தின் பஞ்சாயத்துகளில் இந்த விஷயத்தில் எத்தனை வழக்குகளைக் கேட்டிருக்கிறோம்! ஜலாலுத்தீனோ கலாமின் புத்தகங்களுக்கும் பணம் தேடிக் கொடுத்தவர்.

நமது இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகர். நெசவை நம்பி வாழும் எடப்பாடியில் இதை அழுத்திச் சொல்வதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. அவர்களுடைய பாடவட்டத்திற்கு வந்த ஏழைச் சிறுவர் ஒருவரை, வேலைக்குப் போகவேண்டியவன் என்று குடும்பத்தார் இழுத்துச் சென்றனர். இமாம் அவர்கள் பணமுடிப்பைக் கொடுத்து, பாடத்திற்கு வருவதை நிறுத்தாதே, தீர்ந்தால் சொல் என்று அனுப்பினார்கள். அந்தச் சிறுவரே பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை காழியாக விளங்கிய இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 150-இல் மறைந்த ஆசிரியர், தம் மாணவர் அப்பதவியில் அமர்ந்ததைக் காணவில்லை. ஜலாலுத்தீனுக்கும் ஏறத்தாழ அப்படியே நிகழ்ந்தது.

எனினும் ஒரு காட்சியை அவர் கண்டார். 1963-இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் பயிற்சி பெறக் கலாம் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். செய்தியைச் சொல்ல ஊருக்கு வந்தபோது தந்தையார் மகிழ்ந்து, பள்ளிவாசலில் நன்றி செலுத்தும் தொழுகைக்கு ஏற்பாடு செய்தார்கள். வழியனுப்ப ஜலாலுத்தீனும் சம்சுத்தீனும் பம்பாய் சாந்தா குரூஸ் விமான நிலையம் வரை சென்றனர். பம்பாய் போன்ற பெருநகரத்தை அவ்விருவரும் பார்த்தது அதுவே முதல்முறை. ஆஸாத்திடம் தாங்கள் வைத்திருக்கும் அன்பையும் நம்பிக்கையையும், அவரால் தங்களுக்கு என்றும் பெருமைதான் என்பதையும் மச்சான் சில சொற்களில் சொன்னார். கலாம் கண்கலங்கிவிட்டார்கள். படகுக் கூடத்தில் பலகை பதப்படுத்தியவர், தம் கைப்பிடித்து நடந்த பிள்ளை விமானத்தில் ஏறுவதைப் பார்த்து நின்றார். அதற்குமேல் பார்க்க அவருக்கு நாள் கொடுத்து வைக்கவில்லை.

எழுபதுகளில் கலாம் திருவனந்தபுரத்தில் எஸ்.எல்.வி.-3 ஏவுகலத் திட்டத்தில் இரவு பகல் பாராமல் மூழ்கியிருந்தார்கள். அந்நாட்களில் ஒருநாள் மச்சானின் மரணச் செய்தி வந்தது. சில நிமிடங்கள் அசைவற்று நின்றுவிட்டதாகவும், மீண்டும் வேலையைப் பற்றிப் பேச முயன்றபோது தம் பேச்சே தமக்குப் பொருளற்றுப் போனதாகவும், தம்மில் ஒரு பகுதியும் மச்சானோடு போய்விட்டதை அப்போது உணர்ந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். உடன் பணியாற்றியவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, பேருந்துக்குமேல் பேருந்து மாறி இரவெல்லாம் பயணம் செய்து மறுநாள்தான் இராமேசுவரம் அடைந்தார்கள். தீவுக்குச் சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளவும். வீட்டில் தேம்பி அழுத அக்காவுக்குச் சொல்ல அவரிடம் சொல் இல்லை. சிறு வயது மகனை இழந்த காயமே அந்த அக்காவுக்கு அப்போது ஆறியிருக்கவில்லை. நூறு வயதைக் கடந்த ஜைனுலாப்தீன் அவர்கள், தம் வயதில் பாதியே ஆன மருமகனின் ஜனாஸாவைச் சுமக்கும் நிலை வந்தது. நல்லடக்கம் முடிந்தபின் அம்முதியவர் மகனின் கைகளை நெடுநேரம் பற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணிலும் நீர் இல்லை, மகன் கண்ணிலும் நீர் இல்லை. 1976-இல், 102-ஆம் வயதில் அவர்களும் இறைவனின் பக்கம் மீண்டார்கள்.

1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 முதல் முயற்சியில் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து வானில் ஏறியது. 1999-இல் 'அக்னிச் சிறகுகள்' ஆங்கில மூலத்தில் வெளிவந்தது. 2002-இல் கலாம் குடியரசுத் தலைவரானார்கள். 2013-இல் வெளியான 'எனது பயணம்' என்ற நூலில், தம் முதல் வழிகாட்டி என்று ஜலாலுத்தீனுக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார்கள். அப்போது கலாம் அவர்களுக்கு எண்பது வயது கடந்திருந்தது. எத்தனையோ விஞ்ஞானிகளையும் தலைவர்களையும் கண்ட மனிதர், முதல் இடத்தைக் கடிதம் எழுதிக் கொடுத்த மச்சானுக்கே வைத்தார்கள்.

புத்தகத்தை மூடி வைத்த காரணத்தைச் சொல்வதாகக் கூறியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பையன் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு லுஹருக்குப் பின் நம்மிடம் வந்தான். "ஹஜ்ரத், இதை நிரப்பித் தரமுடியுமா? அத்தாவுக்கு எழுதத் தெரியாது" என்றான். ஒரு நிகாஹ் மஜ்லிஸுக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தோம். "அஸருக்குப் பிறகு வா தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டோம். நாம் திரும்பி வர இஷா ஆகிவிட்டது. அவன் மறுநாளும் வரவில்லை. நாமும் ஆள் அனுப்பிக் கேட்கவில்லை. விண்ணப்பத்தின் கடைசி நாள் அந்த வாரத்திலேயே முடிந்துவிட்டது. இன்று அவன் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறான். ஹலாலான உழைப்பு, குறைத்துச் சொல்வதற்கில்லை. ஜும்ஆவுக்குத் தவறாமல் வருகிறான், நம்மைக் கண்டால் ஸலாம் சொல்லுகிறான். அந்த ஸலாத்திற்குப் பதில் சொல்லும்போது நமக்கு உள்ளே ஏதோ குத்துகிறது. இங்கே எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. நம் ஜமாஅத்திலேயே பட்டதாரிகள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, அரசு அலுவலில் இருப்போர் உண்டு. அரைமணி நேரம் ஒதுக்க யாரும் இல்லாமற் போயிற்று, நம்மையும் சேர்த்து.

வெள்ளிதோறும் மக்ரிப் தொழுகைக்குப் பின் மத்ரஸா அறையில் நாமும், படித்த இளைஞர் இருவரும் அமர்ந்திருக்க நிர்வாகக் கமிட்டியாரின் ஒப்புதல் கிடைத்துள்ளது. விண்ணப்பம், கடிதம், வங்கிப் படிவம் எதுவாயினும் கொண்டு வரலாம். கல்லூரியில் சேர வழி தெரியாத பிள்ளைகளும், படிப்பை இடையில் விட்டவர்களும் அவசியம் வரவேண்டும். அந்தப் பையனின் வீட்டுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுத இன்னும் வாய்ப்பு உண்டு என்று அவன் அத்தாவிடம் தெரிவித்தோம். அவனிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.