வண்டிக்குள் கிருமிநாசினி: 1866 லண்டன் குதிரை வண்டியில் இருந்து நம்ம ஊர் கால் டாக்ஸி வரை

1/ "டாக்டர், டிபி பேஷண்ட் ஒருத்தரை கார்ல ஏத்திட்டு வந்தேன். உள்ளே என்ன மருந்து அடிக்கணும்?" அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எங்களிடம் டாக்ஸி, ஆட்டோ ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதில் ரொம்பச் சின்னது. ஆனால் அந்தப் பதிலுக்கு வந்து சேர மருத்துவ உலகத்துக்கு 150 வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ 1860களின் லண்டன். ஆம்புலன்ஸ் என்று ஒன்று கிடையாது. பெரியம்மை வந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வாடகைக் குதிரை வண்டிதான். உள்ளே துணி மெத்தை, மூடிய கதவு, சின்ன ஜன்னல். நோயாளி இறங்கியதும் அதே இருக்கையில் அடுத்த சவாரி ஏறும். அவர் ஒரு கைக்குழந்தையோடு வரும் தாயாகக்கூட இருக்கலாம்.

3/ பெரியம்மை துணியில், படுக்கையில் ஒட்டிக்கொண்டு பரவக்கூடிய நோய். அதனால் இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 1866இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. தொற்றுநோய் உள்ளவர் ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லாமல் வாடகை வண்டியில் ஏறினால் 5 பவுண்டு வரை அபராதம்.

4/ அதே சட்டத்தில் இன்னொரு வரி உண்டு. அப்படிப்பட்ட நோயாளியை ஏற்றுவதால் வரும் நஷ்டத்துக்கும் செலவுக்கும் முதலில் பணம் கொடுத்தால் ஒழிய, ஓட்டுநர் அவரை ஏற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வண்டியைச் சுத்தம் செய்யும் பாரத்தை ஓட்டுநர் தலையில் கட்டாதது நல்ல விஷயம்தான்.

5/ ஆனால் யோசிச்சுப் பாருங்க. கையில் காசு இல்லாத கூலிக்காரன், உடம்பெல்லாம் அம்மையோடு "எனக்கு பெரியம்மை" என்று சொன்னால் வண்டி கிடைக்காது. சொல்லாமல் ஏறினால் அபராதம். அவன் என்ன செய்வான்? போர்வையைப் போர்த்திக்கொண்டு வாயை மூடிக்கொண்டுதான் ஏறுவான். தண்டனையும் வெறுப்பும் நோயைத் தடுக்காது, ஒளிச்சுதான் வைக்கும். டிபி, எச்ஐவி, கோவிட் எல்லாவற்றிலும் நாம் பார்த்ததும் இதைத்தான்.

6/ உண்மையான தீர்வு வேறு இடத்திலிருந்து வந்தது. ஏழைகளின் மருத்துவத்துக்காக 1867இல் உருவான மெட்ரோபாலிட்டன் அசைலம்ஸ் போர்டு, 1881இல் தொற்றுநோயாளிகளுக்கென்றே தனிக் குதிரை ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கியது. பிறகு தேம்ஸ் நதியில் படகு ஆம்புலன்ஸும் வந்தது. "ஏறாதே" என்று சொல்வதை விட "இதில் ஏறு" என்று ஒரு வண்டியைக் கொடுப்பதுதான் பலன் தரும்.

7/ நம்ம ஊரிலும் இதே சிந்தனை வந்தது. 1939ஆம் வருட சென்னை பொது சுகாதாரச் சட்டத்தில், தொற்றுநோயாளிகள் பொது வாகனத்தில் போவது பற்றியும் அவர்களுக்கென வாகனம் ஏற்பாடு செய்வது பற்றியும் விதிகள் உண்டு. 2008இல் 108 வந்த பிறகுதான் "நோயாளியை எதில் கொண்டுபோறது" என்ற கேள்விக்கு கிராமம் வரைக்கும் ஒரு பதில் கிடைத்தது.

8/ சரி, அந்தக் காலத்தில் வண்டிக்குள்ளும் வீட்டுக்குள்ளும் என்ன அடித்தார்கள்? குளோரின், கார்பாலிக் அமிலம், கந்தகப் புகை. கெட்ட நாற்றம்தான் நோய் என்று நம்பிய காலம். நாற்றத்தை அடக்குவது எதுவோ அதுவே மருந்து. இன்றைக்கும் பினாயில் வாசனை வந்தால்தான் "சுத்தமா இருக்கு" என்று நினைக்கிறோமே, அதன் வேர் இதுதான்.

9/ இதில் உண்மையாகவே வேலை செய்த சில விஷயங்களும் உண்டு. 1847, வியன்னா. பிரேதப் பரிசோதனை முடித்து பிரசவ வார்டுக்கு வரும் டாக்டர்களை குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார் செம்மல்வைஸ். 18 சதவீதமாக இருந்த தாய்மார் மரணம் சில மாதங்களில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. கவனிங்க, அவர் சுவரில் அடிக்கவில்லை. கையைக் கழுவச் சொன்னார்.

10/ அறுவை சிகிச்சையில் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டுவந்த லிஸ்டர், 1871 வாக்கில் ஆபரேஷன் அறையின் காற்றிலேயே அதைத் தெளிக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்த ஆரம்பித்தார். உள்ளே இருந்த எல்லோருக்கும் கண் எரிச்சல், கை வெடிப்பு. 1890இல் அவரே அந்த ஸ்பிரேவைக் கைவிட்டார். கை, கருவி, காயம் இவற்றின் சுத்தம்தான் முக்கியம், காற்றில் தெளிப்பது தேவையில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

11/ 1881இல் ராபர்ட் கோக், புழக்கத்தில் இருந்த கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகக் கிருமி மீது வைத்தே சோதித்தார். பெரிதாக நம்பப்பட்ட கந்தகப் புகை ஆந்த்ராக்ஸ் ஸ்போர்களிடம் தோற்றது. வாசனையை வைத்து மருந்தை நம்பும் காலம் அறிவியல் ரீதியாக அன்றைக்கே முடிந்தது. பழக்கத்தில் மட்டும் முடியவில்லை.

12/ 1896, பம்பாயில் பிளேக். வீடுகளுக்குள் கார்பாலிக் கரைசலைப் பீய்ச்சி அடித்தார்கள். ஏழைகளின் துணிமணிகளைக் கொளுத்தினார்கள். ரயில் பயணிகளை இறக்கிப் பரிசோதித்தார்கள். பிளேக் அடங்கவில்லை. ஏன்? 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர், எலியின் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைக் கடத்துகிறது என்று காட்டினார். கார்பாலிக் அடித்தது சுவரில். எதிரி இருந்ததோ எலியின் முதுகில்.

13/ இந்த இழையின் நாயகன் இனிமேல்தான் வருகிறார். சார்லஸ் சாப்பின். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்தில் 1884இல் இருந்து 1932 வரை சுகாதார அதிகாரி. அந்தக் காலத்தில் தொண்டை அடைப்பான் வந்து குணமான வீட்டில், கடைசியில் நகராட்சி ஆள் வந்து அறையை மூடிப் புகை போடுவது கட்டாயம்.

14/ சாப்பினுக்கு ஒரு சந்தேகம். இந்தப் புகையால் உண்மையிலேயே பலன் இருக்கா? 1905இல் தொண்டை அடைப்பானுக்குப் புகை போடுவதையே நிறுத்தினார். சில வருஷம் கழித்து ஸ்கார்லெட் காய்ச்சலுக்கும் நிறுத்தினார். அதனால் நோய் கூடவில்லை. பெரும்பாலும் நோய் பரப்புவது ஆள், அறை இல்லை என்றார். 1910இல் அதை விரிவாகப் புத்தகமாகவும் எழுதினார்.

15/ ஆனால் சாப்பின் ஒரு விஷயத்தில் எதிர்ப்பக்கம் ரொம்ப தூரம் போய்விட்டார். காற்று வழியாகத் தொற்று பரவுவது அரிது என்று ஒதுக்கினார். 1950களில் பால்டிமோரில் ரைலி குழுவினர், டிபி வார்டின் காற்றை மட்டும் குழாய் வழியாகக் கினிப் பன்றிகள் இருந்த கூண்டுக்கு அனுப்பினார்கள். அவற்றுக்கு டிபி வந்தது. அதே காற்றைப் புற ஊதா ஒளி பட வைத்து அனுப்பிய கூண்டில் வரவில்லை. டிபி காற்றில்தான் பரவும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா?

16/ அதே சமயம் நம்ம சென்னையில் இன்னொரு ஆய்வு. 1956இல் தொடங்கியது. ஒரு பகுதி டிபி நோயாளிகளுக்கு சானடோரியத்தில் சிகிச்சை, இன்னொரு பகுதிக்கு நெரிசலான சொந்த வீட்டிலேயே சிகிச்சை. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு டிபி அதிகமாகப் பரவவில்லை. மருந்து சரியாகப் போனால் பரவும் தன்மை சீக்கிரம் குறைந்துவிடும். உலகமே டிபி சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவர இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

17/ இவ்வளவும் தெரிந்த பிறகு 2020 வந்தது. மார்ச் மாதம் ஓர் ஆய்வு: கோவிட் வைரஸ் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை உயிரோடு இருந்தது என்று. ஆய்வு சரிதான். ஆனால் ஆய்வகத்தில் ஏராளமான வைரஸைத் தடவிப் பார்த்த கணக்கு அது. நாம் பால் பாக்கெட்டைக் கழுவினோம், செய்தித்தாளை நிறுத்தினோம், தெருவெல்லாம் ஹைப்போ அடித்தோம்.

18/ ஏப்ரல் 1, 2020. திருப்பூர் மார்க்கெட்டில் மனிதர்கள் மேலேயே கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் திறந்தார்கள். பல ஊர்களில் அதைக் காப்பியடித்தார்கள். அதே மாதத்தில் தமிழகப் பொது சுகாதாரத் துறையும், ஏப்ரல் 18இல் மத்திய சுகாதார அமைச்சகமும் "மனிதர் மேல் தெளிக்காதீர்கள்" என்று சொல்லவேண்டி வந்தது. லிஸ்டர் 1890இல் கைவிட்டதை நாம் 130 வருஷம் கழித்துப் பந்தல் போட்டுத் திறந்தோம்.

19/ அந்த ஜூலையிலேயே நுண்ணுயிரியலாளர் இமானுவேல் கோல்ட்மேன், பொருட்கள் வழியாகக் கோவிட் பரவும் ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று லான்செட் குழும இதழ் ஒன்றில் எழுதினார். 2021 ஏப்ரலில் அமெரிக்க சிடிசி, கிருமி பட்ட ஒரு பரப்பைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் 1க்கும் கீழ் என்றது. சாப்பின் 1905லேயே சந்தேகப்பட்டது.

20/ "அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும், என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கு. ப்ளீச்சோடு டாய்லெட் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள கிளீனரோடு சேர்ந்தால் குளோரமின் வரும். கண்ணாடி ஏற்றிய கார் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் இது நடந்தால் நுரையீரல் வீங்கலாம். "நல்லா சுத்தமாகட்டும்னு ரெண்டையும் கலந்தேன்" என்று மூச்சு திணறி வருகிறவர்களைக் கேஷுவாலிட்டியில் நாங்கள் பார்க்கிறோம்.

21/ அப்போ காரில் என்னதான் பண்ணனும்?
முதல் வேலை: எல்லாக் கதவையும் திறந்து கொஞ்ச நேரம் விடுங்க. டிபி, தட்டம்மை, கோவிட் மூன்றிலும் இதுதான் பெரிய மருந்து. தட்டம்மைக் கிருமி மூடிய இடத்தின் காற்றில் 2 மணி நேரம் வரை இருக்கும். நோயாளி உள்ளே இருக்கும்போதே ஜன்னலை இறக்குங்க, ஏசியை உள்காற்றைச் சுழற்றும் பட்டனில் வைக்காதீங்க, இருவரும் மாஸ்க் போடுங்க.

22/ இரண்டாவது: சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பது. அழுக்கு இருந்தால் எந்தக் கிருமிநாசினியும் சரியா வேலை செய்யாது. பிறகு கை அதிகம் படும் இடங்கள் மட்டும்: ஸ்டீயரிங், கியர், கதவுக் கைப்பிடி, ஜன்னல் பட்டன், சீட் பெல்ட் மாட்டும் கொக்கி. அங்கே 70 சதவீத ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைங்க. ஒரு நிமிடமாவது ஈரம் இருக்கணும். 95 சதவீதம் இன்னும் நல்லதுன்னு நினைக்காதீங்க. புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும், அதோட அது சீக்கிரம் ஆவியாகிவிடும்.

23/ செய்யக்கூடாதவை:
• எஞ்சின் ஓடும்போது, கதவை மூடிக்கொண்டு, சிகரெட்டோடு ஆல்கஹால் வேண்டாம். தீப்பிடிக்கும்.
• சுவிட்ச், திரை மேல் நேராக ஸ்பிரே பண்ணாதீங்க.
• லெதர் சீட்டை ஆல்கஹாலால் திரும்பத் திரும்பத் துடைத்தால் காய்ந்து வெடிக்கும்.
• சீட் பெல்ட் பட்டைக்கு ப்ளீச் வேண்டவே வேண்டாம். நூல் பலம் இழந்தால் விபத்தில் உயிரைக் காப்பாற்றாது. மிதமான சோப்புத் தண்ணீர் போதும்.
• ஓசோன் மெஷினும் வேண்டாம், அதுவே நுரையீரலுக்கு எரிச்சல்.

24/ விதிவிலக்கு ஒன்று: ரத்தம், வாந்தி, பேதி பட்டிருந்தால். கையுறை போட்டு, பழைய துணி அல்லது பேப்பரால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டுங்க. சோப்புத் தண்ணீரில் கழுவி, அதன் பிறகு கிருமிநாசினி. வாந்தி பேதிக்குக் காரணமான நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் அவ்வளவாக வேலை செய்யாது. அதனால் இங்கே கழுவுவதுதான் முக்கியம். சீட் கவரைக் கழற்ற முடிந்தால் துவைத்து வெயிலில் போடுங்க.

25/ டிபி பேஷண்டை ஏற்றிய ஓட்டுநருக்கு என் பதில்: மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். சீட்டில் விழுந்த கிருமியால் உங்களுக்கு டிபி வராது. கதவைத் திறந்து வைங்க, துடைங்க, அடுத்த சவாரிக்குப் போங்க. ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு வாங்க, இலவசம்தான்.

26/ கடைசியா ஒரு வேண்டுகோள். "சீட்டு அசுத்தமாயிடும்" என்ற பயத்தில் இருமுகிறவரை ஏற்ற மறுக்காதீங்க. மறுத்தால் அவர் அடுத்த தடவை நோயைச் சொல்லமாட்டார், சிகிச்சைக்கும் தள்ளிப்போடுவார். அந்தத் தாமதத்தில்தான் வீட்டில் உள்ள குழந்தைக்குப் பரவும். வண்டி ஓட்டும் நண்பர்கள் இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, டூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.