பனிக்காட்டில் ஒரு நாட்குறிப்பு

1753ஆம் ஆண்டின் பிற்பகுதி. வட அமெரிக்காவின் ஒகையோ ஆற்றுப் பகுதி எவருக்கு உரியது என்பதில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பூசல் முற்றியிருந்தது. பிரெஞ்சுப் படை அங்கிருந்து நீங்க வேண்டும் என்று வர்ஜீனியாவின் துணைநிலை ஆளுநர் டின்விட்டி வரைந்த மடலைச் சுமந்து, அக்டோபர் 31 அன்று ஓர் இளைஞர் புறப்பட்டார். அவர் 21 வயதே நிரம்பிய ஜார்ஜ் வாஷிங்டன். வழிகாட்டியாக உடன் சென்றவர் கிறிஸ்டபர் கிஸ்ட். இருவருமே நாட்குறிப்பு எழுதினர்.

வாஷிங்டன் நில அளவையர். அவரது நடையும் அளவையாளர் நடையே. லெ பூஃப் கோட்டையில் பிரெஞ்சுத் தளபதி செயின்ட் பியர் பண்போடு மறுமொழி எழுதிக்கொண்டிருக்க, அங்கிருந்த ஓடங்களின் எண்ணிக்கை குறிப்பில் ஏறியது: பூர்ச்சமரப் பட்டையாலானவை 50, பைன் மரத்தாலானவை 170.

திரும்பும் வழியில் குதிரைகள் சோர்ந்தன. வாஷிங்டனும் கிஸ்டும் கால்நடையாகவே பனிக்காட்டைக் கடக்கத் துணிந்தனர். டிசம்பர் 27 அன்று, உடன்வந்த தொல்குடி மனிதன் ஒருவன் திடீரெனத் திரும்பிச் சுட்டான், குறி தவறிற்று. 29 அன்று, ஒரே கைக்கோடரியால் பகல் முழுதும் உழைத்துக் கட்டிய தெப்பத்தில் அலகெனி ஆற்றில் இறங்கினர். மிதந்துவந்த பனிக்கட்டிகள் மோத, வாஷிங்டன் பத்தடி ஆழ நீரில் வீழ்ந்து, தெப்பத்தைப் பற்றி உயிர் பிழைத்தார். ஆற்றிடைத் தீவில் இரவைக் கழித்தனர். கிஸ்டின் விரல்கள் குளிரில் உறைந்தன. விடிந்தபோது ஆறும் உறைந்திருந்தது. அதன்மீதே நடந்து கரையேறினர்.

சுட்டவனைப் பிடித்து வைத்திருந்து, இரவு ஒன்பது மணியளவில் விடுவித்ததாக மட்டுமே வாஷிங்டன் எழுதுகிறார். தாம் அவனைக் கொல்ல முனைந்ததையும் வாஷிங்டன் தடுத்ததையும் கிஸ்டின் குறிப்பே தெரிவிக்கிறது. தம் கருணையை வாஷிங்டன் ஏட்டில் ஏற்றவில்லை.

1754 ஜனவரி 16 அன்று வாஷிங்டன் வில்லியம்ஸ்பர்க் திரும்பினார். ஆளுநர் ஆணைப்படி ஒரு நாளுக்குள் செப்பனிட்ட அக்குறிப்பு உடனே அச்சேறியது. அதே ஆண்டு மே மாதம் அவர் தலைமையில் நிகழ்ந்த மோதல் போருக்கு வித்திட்டது. அது ஏழாண்டுப் போராக விரிந்து, 1760இல் நம் வந்தவாசிக் களம் வரை எட்டியது.

இந்த நிலம் உங்கள் இருவருக்கும் உரியதன்று. நாங்கள் வாழ இறைவன் அளித்தது எனப் பிரெஞ்சுக்காரரிடம் தாம் உரைத்ததைத் தொல்குடித் தலைவர் தனச்சரிசன் சொல்ல, வாஷிங்டன் அதையும் பதிந்திருந்தார். 1763இன் பாரிஸ் உடன்படிக்கை அந்நிலத்தை ஆங்கிலேயருக்கு வழங்கியபோது, தொல்குடியினர் அதில் ஒரு தரப்பாகக்கூட இடம்பெறவில்லை. அவர்தம் உரிமைக்குரல், அதை மறுத்த பேரரசின் தூதர் கைப்பட எழுதிய ஏட்டிலேயே இன்றும் நிலைத்திருக்கிறது.