பாஸ்டன் வீட்டுக் கட்டு

சிவில் கோர்ட்டில் காலம் தள்ளியவனுக்குக் குடும்பச் சரித்திரம் என்றாலே கொஞ்சம் சந்தேகம். பரம்பரைப் பெருமையைப் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்டால் கறையான் தின்றுவிட்டது என்பார்கள். இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த பாஸ்டன் குடும்பம் இதற்கு நேர்மாறு. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்த வீட்டார் எழுதியவை, அவர்களுக்கு வந்தவை என்று கடிதமும் பத்திரமுமாக ஆயிரத்துக்கு மேல் இன்றும் இருக்கின்றன. பெரும்பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். அரியணைக்காக ரோஜாப் போர்கள் நடந்த காலத்தில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய வரலாற்றாசிரியர்கள் இவற்றைப் புரட்டுகிறார்கள். நான் வழக்குக் கட்டைப் பிரிக்கிற பழக்கத்தில்தான் பிரித்தேன். இவ்வளவு காகிதம் ஏன் மிஞ்சியது என்பது அப்படிப் படிக்கும்போதுதான் புரிகிறது.

குடும்பத்தின் பெயர் கடலோரத்துப் பாஸ்டன் கிராமத்திலிருந்து வந்தது. 1419-இல் இறந்த கிளெமெண்ட் அங்கே ஒரு சாதாரண உழவர். பகையாளி யாரோ எழுதிவைத்த குறிப்பு ஒன்று அவரைப் பற்றி வஞ்சனையில்லாமல் சொல்கிறது: நூறு, மிஞ்சினால் நூற்றிருபது ஏக்கர்; அதிலும் பெரும்பகுதி ஆண்டைக்குக் கட்டுப்பட்ட நிலம்; ஒரு சின்ன நீராலை; சேணம் இல்லாத குதிரையில் தானிய மூட்டையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து மாவரைக்கப் போவார்; மனைவி பண்ணையடிமைக் குலம். ஆனால் மகன் வில்லியமைக் கடன் வாங்கிப் படிக்க வைத்தார். மகன் சட்டம் படித்து, 1429-இல் பொது வழக்கு மன்றத்தின் நீதிபதியானார். சம்பாதித்ததையெல்லாம் நிலத்தில் போட்டார்.

புதுப் பணத்தில் வாங்கிய நிலத்துக்கு எதிரிகள் அதிகம். நீதிபதி 1444-இல் கண்ணை மூடியதும் ஆரம்பித்தது. கவிஞர் சாசரின் மகன் தாமஸிடமிருந்து அவர் வாங்கியிருந்த கிரெஷம் பண்ணையை, அதில் தன் மனைவி வழியில் பாத்தியதை உண்டென்று 1448-இல் மொலைன்ஸ் பிரபு ஆள் வைத்துப் பிடித்துக்கொண்டார். நீதிபதியின் மூத்த மகன் ஜானும் வக்கீல்தான், லண்டனில் வழக்காடிக்கொண்டிருந்தார். ஊரில் இருந்து சுவாதீனத்தைக் காப்பாற்ற வேண்டிய வேலை மனைவி மார்கரெட்டின் தலையில் விழுந்தது. அந்தச் சமயம் அவள் கணவனுக்கு எழுதிய கடிதத்தில் சாமான் பட்டியல் ஒன்று இருக்கிறது. குறுக்குவில், அதை இழுத்துப் பூட்டும் கருவி, அம்புகள், போர்க்கோடரி வாங்கி அனுப்பச் சொல்கிறாள். அதே கடிதத்தில் ஒரு ராத்தல் பாதாம்பருப்பு, ஒரு ராத்தல் சர்க்கரை, பிள்ளைகளுக்கு அங்கி தைக்கத் துணி. வீடு முற்றுகையில் இருந்தாலும் அடுப்பு எரிந்தாக வேண்டுமே.

1450 ஜனவரியில் மொலைன்ஸின் ஆட்கள் மறுபடி வந்தார்கள். ஆயிரம் பேர் என்கிறது ஜான் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த மனு. மனுவில் எழுதுகிற ஆள்கணக்கை நான் அப்படியே நம்புவதில்லை, ஆனாலும் பெரும்படைதான். மார்கரெட் இருந்த அறையின் சுவரைக் கீழே தோண்டிச் சாய்த்து, அவளைத் தூக்கி வாசலுக்கு வெளியே விட்டார்கள்.

இதைவிடப் பெரிய வழக்கு அடுத்து வந்தது. பிரான்ஸ் போரில் பணம் குவித்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் பிள்ளையில்லாமல் 1459 நவம்பர் 5 அன்று கேய்ஸ்டர் கோட்டையில் இறந்தார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வாய்மொழியாக உயில் சொன்னார், நார்ஃபோக், சஃபோக் நிலங்களெல்லாம் தனக்கே என்றார் அவருடைய சட்ட ஆலோசகரான ஜான் பாஸ்டன். சாகக் கிடப்பவரின் வாய்ச்சொல், பலன் பெறுகிறவரோ அவருடைய வக்கீல்: எந்தக் கோர்ட்டும் புருவத்தை உயர்த்தும். உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்ட மற்றவர்களே எதிர்த்தார்கள். ஜான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஃப்ளீட் சிறைக்குப் போய்வந்து 1466-இல் இறந்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில் மார்கரெட் மூத்த மகனுக்கு எழுதிய கடிதம்தான் இந்தக் கட்டு முழுவதற்கும் திறவுகோல். மூத்தவன் பெயரும் ஜான், அடுத்தவன் பெயரும் ஜான். மூத்தவன் நைட் பட்டம் பெற்றதால் சர் ஜான். முக்கியமான எழுத்துக்களைப் பத்திரமாக வை, உனக்குக் கெடுதல் செய்யக்கூடியவர்கள் கைக்கு அவை போய்விடக்கூடாது என்கிறாள். உன் அப்பா கஷ்ட காலத்தில் மற்ற எல்லாச் சாமான்களையும்விடப் பத்திரங்களைத்தான் பெரிதாக நினைத்தார். பறிபோனால் அந்த மாதிரி இன்னொன்று கிடைக்காது என்று நினைவூட்டுகிறாள். எத்தனையோ கட்சிக்காரர்களுக்கு இதைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் குறைவு.

பத்திரம் எதற்கு உதவும் என்று அதே ஆண்டு நிரூபித்தும் காட்டினார்கள். பாஸ்டன்கள் பண்ணையடிமைப் பரம்பரை என்று எதிரிகள் கிளப்பிவிட்ட பேச்சுக்குப் பதிலாக, பழைய ஆவணங்களை அரசர் நான்காம் எட்வர்டின் முன் வைத்தார்கள். தங்களுக்கே அடிமைகள் இருந்தார்கள், முன்னோர் பிரான்ஸிலிருந்து வந்தவர் என்றார்கள். அரசரும் கனவான் குடும்பம்தான் என்று ஒப்புக்கொண்டார். மூட்டைமேல் உட்கார்ந்து போன கிளெமெண்ட் அந்த வம்சாவளியில் எங்கே பொருந்துகிறார் என்று யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை போலிருக்கிறது.

எழுத்தால் முடியாததும் உண்டு. 1469-இல் ஃபாஸ்டால்ஃபின் கேய்ஸ்டர் கோட்டை தனதென்று சொல்லி நார்ஃபோக் கோமகன் சுமார் 3,000 பேரோடு அதை வளைத்தார். உள்ளே இளைய ஜானும் ஏறக்குறைய முப்பது பேரும் இருந்தார்கள். வெடிமருந்து இல்லை, சாப்பாடு இல்லை, தம்பி சாகப்போகிறான் என்று மார்கரெட் லண்டனில் இருந்த சர் ஜானுக்கு எழுதினாள். செப்டம்பரில் கோட்டை விழுந்தது. 1476 ஜனவரியில் கோமகன் ஆண் வாரிசின்றி இறந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. பல வருஷ வழக்கை முடித்துவைத்தது எதிர்க்கட்சியின் சாவு. எங்கள் தொழிலில் இது புதிதல்ல.

நிலத்துக்காகச் சேர்த்த கட்டில் வீட்டுச் சங்கதிகள் எப்படி நுழைந்தன? யார் எப்போது எங்கே இருந்தார், என்ன சொன்னார் என்பது நாளைக்குச் சாட்சியமாகலாம். அதனால் எதையும் பிரித்துப் பார்த்து எறிவதில்லை. 1449-இல் எலிசபெத் கிளேர் என்ற உறவுக்காரி ஜானுக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஐம்பதை நெருங்கிய, நோயால் முகம் கெட்ட ஒருவரை ஜானின் தங்கைக்குப் பேசியிருந்தார்கள். சம்பந்தம் இழுபறியாகக் கிடந்த நாட்களில் தாய் ஆக்னஸ் அந்தப் பெண்ணை யாரோடும் பேச விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை இருமுறை, சில சமயம் ஒரே நாளில் இரண்டுமுறை அடித்தாள். தலையில் இரண்டு மூன்று இடத்தில் காயம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, உன் அம்மாவுக்குத் தெரிந்தால் என்னை மன்னிக்கமாட்டாள், கடிதத்தை எரித்துவிடு என்று முடிக்கிறாள். ஜான் எரிக்கவில்லை.

இருபது ஆண்டு கழித்து இன்னொரு கடிதம். ரிச்சர்ட் காலே பாஸ்டன்களின் காரியஸ்தர். குத்தகை வசூலும் கணக்கும் அவர் கையில். மார்கரெட் சொல்லச்சொல்ல எழுதிக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். மார்கரெட்டின் கடிதங்கள் நூற்றுக்கு மேல், பலருடைய கையெழுத்தில் இருக்கின்றன. காலேவும் அவளுடைய மகள் மார்ஜரியும் ரகசியமாகத் திருமண வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். இருவரும் வாய்ச்சொல்லால் ஒப்புக்கொண்டாலே அன்றைய திருச்சபைச் சட்டப்படி அது கல்யாணம். என் தங்கை ஃப்ராம்லிங்காமில் மெழுகுவத்தியும் கடுகும் விற்கவா என்று குதித்தான் இளைய ஜான். பிரித்து வைக்கப்பட்ட மனைவிக்குக் காலே எழுதிய கடிதமும் படித்ததும் எரித்துவிடு என்றே முடிகிறது. அதையும் யாரும் எரிக்கவில்லை.

நாரிச் பிஷப் மார்ஜரியைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த வார்த்தைகளைச் சொன்னாய் என்று விசாரித்தார். சொன்னதைச் சொன்னாள், அது போதாதென்றால் இன்னும் கெட்டியாகச் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்றும் சொன்னாள். தடுமாறாத சாட்சி. கல்யாணம் செல்லும் என்று ஆயிற்று. மார்கரெட் அவளை வீட்டுக்குள் விடவில்லை.

குடும்பத்தின் கடைசி ஆண் வாரிசான இரண்டாம் யார்மத் பிரபு 1732-இல் கடனோடு இறந்தார். குடும்பத்தின் ஆக்ஸ்நெட் மாளிகையில் இருந்த காகிதங்கள் ஃப்ரான்சிஸ் ப்ளோம்ஃபீல்ட், தாமஸ் மார்ட்டின் என்ற பழம்பொருள் ஆர்வலர்கள் வழியாகக் கைமாறி ஜான் ஃபென்னிடம் வந்தன. அவர் 1787-இல் அச்சிட்டு, மூலங்களை மூன்றாம் ஜார்ஜ் அரசருக்குக் கொடுத்து நைட் பட்டம் பெற்றார். பிறகு மூலங்கள் கண்ணில் படாமல் போயின. 1865-இல் ஒருவர் இவையெல்லாம் மோசடியாக இருக்கலாம் என்றே எழுதினார். மூலத்தைக் காட்டாத ஆவணத்துக்கு அந்தக் கேள்வி வருவது நியாயமே. அந்த ஆண்டிலிருந்து 1889-க்குள் ஒவ்வொரு பகுதியாகக் கிடைத்துவிட்டன.

கட்டில் நான் கடைசியாகப் பார்த்தது மார்கரெட் 1482-இல் எழுதிவைத்த உயில். மகள் மார்ஜரியின் பையன் ஜான் காலேவுக்கு, 24 வயது நிரம்பியதும் இருபது பவுண்டு. மகளை மன்னித்ததாக எந்தக் கடிதமும் சொல்லவில்லை. ஆனால் பத்திரத்தின் மதிப்பை அந்த வீட்டில் அவளைவிட அறிந்தவர் இல்லை. வாயால் ஏற்காத உறவை, என்றும் அழியாது என்று தெரிந்த இடத்தில் பேரனின் பெயரோடு எழுதிவைத்துவிட்டுப் போனாள்.