தவமும் தலைப்பாகையும்

நாஞ்சில் நாட்டின் தென்கோடியில் உள்ள அகத்தீசுவரம் வட்டம் பரப்பில் சிறியது. நாகர்கோவிலில் பேருந்து ஏறிக் கன்னியாகுமரியில் இறங்குவதற்குள் அதன் பெரும் பகுதியைக் கண்ணால் பார்த்துவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலை முடியுமிடத்தில் மருத்துவாழ்மலை நிற்கிறது. அனுமன் சுமந்து வந்த சஞ்சீவி மலையிலிருந்து சிதறிய துண்டு இது என்பது ஊரார் கதை. மூலிகைகள் மிகுந்த மலை என்பது உண்மை. அதிலிருந்து சிறிது தொலைவில் சாமித்தோப்பு. நிலம் முடிந்து, கடலுக்குள் ஏறக்குறைய 500 மீட்டர் தள்ளி விவேகானந்தர் பாறை.

1833-க்கும் 1892-க்கும் இடையே, அதாவது 60 ஆண்டுகளுக்குள், மூன்று மனிதர்கள் இந்த மூன்று இடங்களில் தனித்து அமர்ந்து தியானம் செய்தனர். மூவரும் எழுந்து சென்ற பிறகு என்ன செய்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள். தியானத்தால் மனம் வளருமா என்று இன்று ஆய்வுக்கூடங்களில் மின்முனைகளைத் தலையில் பொருத்தி அளந்து பார்க்கிறார்கள். அளவுகள் வரட்டும், ஆனால் ‘வளர்ச்சி’ என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டாமா? அதற்கு இந்த வட்டாரத்தின் வரலாறு உதவும்.

சாமித்தோப்பில் ஆறு ஆண்டுகள்

1809-இல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். அக்காலத் தென்திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு முடி சூடும் பெயர் ஆகாது என்று எதிர்ப்பு எழவே, முத்துக்குட்டி என்று மாற்றினர். பெயருக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, ஆண்கள் தலையில் துணி கட்டலாகாது, பெண்கள் மேலாடை அணியலாகாது. தலைக்கு வரி, கூலியில்லாத ஊழிய வேலை.

இந்த முத்துக்குட்டிதான் நோயுற்ற நிலையில் திருச்செந்தூருக்குச் சென்று, 1833-இல் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்தார் என்று அவர் வழியினர் நம்புகின்றனர். அதன்பின் சாமித்தோப்பில் ஆறு ஆண்டுத் தவம். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையில். கடைசி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த மேடையில் என்று மரபு கூறுகிறது. குழியிலிருந்து மேட்டுக்கு என்ற இந்த வரிசையைக் கவனியுங்கள். தாழ்ந்து கிடந்த ஒரு மக்கள் கூட்டம் அதைத் தன் கதையாகவே படித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பார்க்க வந்த கூட்டம் அரசுக்கு அச்சமூட்டியது. சுவாதித் திருநாள் ஆட்சியில் வைகுண்டர் சிறைப்பட்டார். திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் வைக்கப்பட்டு, 1839-இல் விடுதலை பெற்றார். அதன்பின் அவர் தொடங்கிய முயற்சி நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. அதன் பெயர் துவையல் தவசு. சுமார் 700 குடும்பங்கள் வாகைப்பதிக் கடற்கரையில் கூடி வாழ்ந்தன. பின்னர் முட்டப்பதிக்கு மாறின. நாள்தோறும் பலமுறை நீராடல், உடுதுணியைத் துவைத்து உடுத்தல், ஒருவேளைச் சைவ உணவு, கூட்டு வழிபாடு. கண்ணை மூடி ஓரிடத்தில் அமர்வது இதில் ஒரு பகுதியே. துணி துவைப்பதும் குளிப்பதும் உண்பதும் கூடக் கவனத்தோடு, குறித்த முறையில், பலரோடு சேர்ந்து செய்யப்படும் பயிற்சியாயின. இன்று உளவியலார் ‘மனவிழிப்புப் பயிற்சி’ என்று கூறுவதும் அன்றாடச் செயலில் கவனத்தை ஊன்றுவதைத்தானே! ஆனால் அழுக்குச் சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் தூய்மையையே தவமாக ஏற்றபோது அதற்கு வேறொரு கூர்மை வந்துவிட்டது.

அவர்கள் வழிபாட்டிடங்களான பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் சிலை இல்லை. கண்ணாடி இருக்கிறது. வழிபடுபவன் தன் முகத்தையே காண்கிறான். ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் அதன்முன் நிற்க வேண்டும். தெருவில் தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்க வேண்டியிருந்தவன், கட்டிய தலையோடு தன்னை நேருக்கு நேர் பார்க்கிறான்! எந்த மின்னலைப் பதிவுக் கருவியும் இந்த மாற்றத்தைக் காட்டாது. லண்டன் மிஷன் சங்கத்தாரின் அன்றைய அறிக்கைகள் முத்துக்குட்டி இயக்கத்தைத் தங்கள் பணிக்குத் தடை என்று குறிப்பிட்டன. அதன் வலிமைக்கு அதுவும் ஒரு சான்று. வைகுண்டர் 1851-இல் மறைந்தார். மேலாடை உரிமைக்கான அரசாணை 1859-இல் வந்தது.

மலையும் பாறையும்

மருத்துவாழ்மலையின் பிள்ளைத்தடம் குகையில் தவமிருந்தவர் நாராயண குரு. அவர் பின்னர் 1888-இல் நெய்யாற்றங்கரைக்கு அருகே அருவிப்புறத்தில், ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நிறுவினார். கோவிலுக்குள் நுழையவே உரிமையில்லாத சமூகத்தில் பிறந்தவர் செய்த செயல் இது. 1927-இல் களவங்கோட்டில் அவர் நிறுவியது ஒரு கண்ணாடி. சாமித்தோப்புக் கண்ணாடியையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

விவேகானந்தர் குமரிக்கு வந்தது 1892 டிசம்பரில். பாறையில் அவர் தியானம் செய்ததை எல்லோரும் அறிவர். அதன் விளைவாகத் தோன்றிய திட்டத்தைச் சிலரே அறிவர். 1894 மார்ச்சில் சிகாகோவிலிருந்து தம் சகோதரத் துறவிக்கு எழுதிய கடிதத்தில் அதை விவரிக்கிறார். தன்னலமற்ற துறவிகள் ஊர் ஊராகச் சென்று, மிகத் தாழ்த்தப்பட்டவர் வரை எல்லோருக்கும் நிலப்படம், புகைப்படக் கருவி, உலக உருண்டை ஆகியவற்றைக் கொண்டு கல்வி புகட்ட வேண்டும் என்பது அந்தத் திட்டம். இந்தியாவின் கடைசிப் பாறையில் கண்மூடி அமர்ந்தவரின் மனத்தில் உலக உருண்டை உருண்டிருக்கிறது! அறிவியல் ஏட்டின் வாசகர்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. இராமகிருஷ்ண மிஷன் 1897-இல் தொடங்கியது.

கருவிகள் வந்த கதை

தியானத்தை அளக்கக் கருவியோடு இந்தியாவுக்கு முதலில் வந்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் பிராஸ். 1935-இல் எடுத்துச் செல்லத்தக்க இதயமின் பதிவுக் கருவியுடன் வந்து, ஒரு யோகி இதயத் துடிப்பை ஏறக்குறைய நிறுத்தினார் என்று தெரிவித்தார். வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகியோர் 1961-இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுத்தது. மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கும்போது நாடியும் ஒலியும் கேட்காமல் போகலாம். ஆனால் இதயம் துடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

அதே 1961-இல் டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகிகளின் மூளை மின்னலைகளைப் பதிந்தனர். தியானத்தில் ஆழ்ந்தவர்களுக்கு ஆல்ஃபா அலைகள் மிகுந்தன. ஒளியாலும் ஓசையாலும் அவை கலையவில்லை. கையை 4 டிகிரிக் குளிர்நீரில் 45 முதல் 55 நிமிடம் வைத்திருந்த இருவரிடமும் அவை தொடர்ந்தன. 1966-இல் ஜப்பானில் கசமாட்சு, ஹிராய் ஆகியோர் ஜென் துறவிகளிடம் இதற்கு மாறான ஒன்றைக் கண்டனர்: மீண்டும் மீண்டும் எழுப்பிய ஒலிக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் அவர்கள் மூளை எதிர்வினை காட்டியது. ஒன்று உலகை மூடும் தியானம், மற்றது திறந்து வைக்கும் தியானம் என்று பலர் மகிழ்ந்து எழுதினர். 1981-இல் நடந்த ஆய்வில் இந்த வேறுபாடு தென்படவில்லை! விஞ்ஞானம் இப்படித்தான் நடக்கிறது. அவசரப்படுபவர்களுக்கு அது துணைவராது.

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் நோயாளிகளுக்கு மனவிழிப்புப் பயிற்சியை அமைத்தார். பின்னர் அது எட்டு வாரப் பாடமாக உலகெங்கும் பரவியது. 2014-இல் 47 ஆய்வுகளை, 3515 பேரின் விவரங்களை, ஒன்றுதிரட்டிப் பார்த்தனர். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைகின்றன. கவனம், உறக்கம், உடல் எடை ஆகியவற்றில் பயன் உண்டு என்று கூறப் போதிய சான்று கிடைக்கவில்லை. உடற்பயிற்சி, மருந்து முதலியவற்றைவிடத் தியானம் மேலானது என்பதற்கும் சான்று இல்லை.

இது சிறிய பயனல்ல. தேர்வுக்கு முந்திய இரவில் நெஞ்சு படபடக்கும் மாணவனுக்கு அது பெரிது. மூச்சை மெல்ல வெளியிடும்போது வேகஸ் நரம்பின் செயலால் இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. யாரும் தம் நாடியில் விரல் வைத்து இதைச் சோதித்துக்கொள்ளலாம். நிமிர்ந்து அமர்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். மனம் வேறெங்கோ ஓடும். ஓடியதை அறிந்து, கடிந்துகொள்ளாமல், திரும்ப அழைத்து வர வேண்டும். ஓடாமல் பிடித்து வைப்பது பயிற்சியன்று. ஓடியதை அறிவதே பயிற்சி. கடும் மனநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

ஆனால் பதற்றம் குறைவதும் வளர்ச்சியும் ஒன்றல்ல. அமைதி பெற்ற மனம் அநீதியையும் அமைதியாகப் பொறுத்துக்கொள்ளக்கூடும். வேலைச் சுமையைக் குறைக்காமல் ஊழியர்களுக்குத் தியான வகுப்பு நடத்தும் இடங்களில் இந்த ஐயம் எனக்கு எழுகிறது. முத்துக்குட்டி தவமிருந்து வந்தவர்களிடம் தலைவரியையும் ஊழியத்தையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தலைத்துணி கட்டச் சொன்னார்.

குமரிப் பாறை நினைவாலயம் ஏக்நாத் ரானடேயின் முயற்சியால் எழுந்து, 1970 செப்டம்பர் 2-இல் திறக்கப்பட்டது. அதில் ஒரு தியான மண்டபம் உண்டு. மங்கிய ஒளியில் ஓம் எனும் எழுத்து மட்டும் தெரியும். படகுக்கு நேரமாகிறதே என்று பலர் ஓரிரு நிமிடத்தில் எழுந்து விடுகிறார்கள். அடுத்த முறை செல்பவர்கள் ஐந்து நிமிடம் இருந்து, படகின் நினைவு எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பார்க்கலாம்.