மதமா, வெறியா, மனநோயா?

‘யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்’ என்பது இல்லறச் செலவின் கடுமையை உணர்த்த நம் முன்னோர் வழங்கிய பழமொழி. அவர்கள் கண்ட யானை தின்னும்போது அசைந்தது. சங்கிலியில் கட்டுண்ட யானையோ தின்னாத வேளையிலும் அசைகிறது. தலையை இடமும் வலமும் ஒரே சீராக ஆட்டிக்கொண்டு, முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கிறது. காணும் குழந்தைகள் ‘யானை ஆடுகிறது’ என்று கைகொட்டி மகிழ்கின்றனர். ஆனால் கூட்டத்தோடு காட்டில் திரியும் யானையிடம் இத்தகைய ஓயாத ஆட்டம் காணப்படுவதில்லை. இது மகிழ்ச்சியின் அடையாளம் அன்று, அடைபட்டு வாழும் உயிரின் உள்ளம் படும் துன்பத்தின் அடையாளம் என்கின்றனர் விலங்கு நடத்தையை ஆய்ந்தோர்.

அப்படியானால் விலங்குகளுக்கும் மனநோய் உண்டா? விந்தையான வினாவாகத் தோன்றலாம். எனினும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் புரட்டுவோர் விலங்குகளைப் பற்றி அறிவதோடு மனிதரைப் பற்றியும் சிலவற்றை அறிவர்.

நிலை தடுமாறிய விலங்கைக் குறிக்கத் தமிழர் நாவில் வரும் சொற்கள் இரண்டு. யானையானால் ‘மதம் பிடித்தது’ என்போம். நாயானால் ‘வெறி பிடித்தது’ என்போம். இவ்விரண்டும் மனநோயின் பெயர்கள் அல்ல என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும்.

மதம் நோயே அன்று. வளர்ந்த ஆண் யானையின் உடலில் குறிப்பிட்ட பருவத்தில் ஆண்மைச் சுரப்பு பன்மடங்கு பெருகுகிறது. கண்ணுக்கும் காதுக்கும் இடையேயுள்ள சுரப்பியிலிருந்து மதநீர் வழிகிறது. யானை கட்டுக்கு அடங்காததாகிறது. பருவம் கடந்தபின் தானே தணிகிறது. ஆசிய யானைகளுள் பெண்ணுக்கு மதம் பிடிப்பதில்லை. எனவே பெண் யானை பாகனைத் தாக்கும்போதும் ‘மதம் பிடித்துவிட்டது’ என்று நாம் சொல்வது பொருந்தாது. அச்சொல்லால் மெய்யான காரணத்தைத் தேடும் கடமையிலிருந்து நம்மை நாமே விடுவித்துக்கொள்கிறோம்.

வெறியோ நோய்தான், ஆனால் உடல்நோய். நச்சுயிர் ஒன்று நரம்பு வழியாக மூளையை அடைவதால் வருவது. 1885இல் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் அதற்குத் தடுப்பூசி கண்டார். நம் நீலகிரியின் குன்னூரில் 1907இல் தொடங்கப்பெற்ற பாஸ்டர் நிறுவனம், வெறிநாய்க்கடிக்கு மருந்து தரும் பணிக்காகவே எழுந்தது. பேயின் வேலை என்றும் பைத்தியம் என்றும் அஞ்சப்பட்ட ஒன்றுக்கு மெய்யான காரணம் புலப்பட்டதும் மருந்தும் கிட்டியது.

மதத்தையும் வெறியையும் விலக்கிய பின்னரும் எஞ்சி நிற்கும் மூன்றாவது ஒன்று உண்டா என்பதே நம் வினா. தமிழ்ப் புலவர்கள் அதன் நிழலைக் கண்டிருக்கின்றனர். குறுந்தொகையின் 69ஆம் பாடலில், ஆண் குரங்கு இறந்தபின் கைம்மைத் துயர் தாளாத மந்தி, தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையினின்று பாய்ந்து உயிர் விடுகிறது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த மனுநீதிச் சோழன் வரலாற்றை அறியாத தமிழர் இலர். இவை அறிவியல் சான்றுகள் அல்ல. எனினும் விலங்குக்கும் நெஞ்சம் உண்டு, அந்நெஞ்சம் உடையவும் கூடும் என்று கருதிய ஒரு சமுதாயத்தின் சாட்சிகள் இவை.

திருச்சபையின் சிந்தனை மரபும் இதற்கு முரணானது அன்று. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினா, விலங்குகளுக்குப் பகுத்தறிவு இல்லை என்றார். ஆயின் அச்சம், சினம், துயரம் ஆகிய உணர்ச்சிகள் அவற்றுக்கு உண்டு என ஏற்றார். விலங்கை உயிருள்ள பொறியாகக் காணும் கருத்து 17ஆம் நூற்றாண்டில் தத்துவ அறிஞர் தெக்கார்த்து வழியாக வலுப்பெற்றது. குருவாக இருந்த மால்பிராஞ்சும் அதை உறுதியாக ஆதரித்தார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பொறிக்கு நோவு இல்லை. நோவு இல்லாதபோது நோகடித்தவன் மீது குற்றமும் இல்லை. அக்கருத்து பலருக்கு உகந்ததாக இருந்ததில் வியப்பில்லை.

19ஆம் நூற்றாண்டில் இவ்வினா மருத்துவர் கைக்கு வந்தது. இசுக்காட்லாந்தில் மனநோயாளருக்கான மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் லாடர் லிண்ட்சே, விலங்குகளின் மனத்தைப் பற்றி 1879இல் இரு தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். அதன் இரண்டாம் தொகுதி முழுவதும் நோயுற்ற மனத்தைப் பற்றியது. நாள்தோறும் மனநோயாளரிடையே வாழ்ந்த அவர், அவர்களிடம் கண்ட துயரத்தையும் அச்சத்தையும் விலங்குகளிடமும் கண்டதாக எழுதினார். அவருடைய சான்றுகளுள் பல செவிவழிச் செய்திகளாதலால் அறிவுலகம் அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை.

உறுதியான சான்றுகள் 20ஆம் நூற்றாண்டில் வந்தன. அவை வந்த வழிதான் நம்மை வருத்துகிறது. 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்து நாய்கள் கூண்டுகளுக்குள் கழுத்தளவு நீரில் தத்தளித்து, இறுதி வேளையில் மீட்கப்பட்டன. உடலில் காயமில்லை, ஆயினும் சில நாய்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கற்றவற்றை மறந்தன. வெகுநாள் சென்றபின்னும், கதவிடுக்கின் வழியே சிறிது நீர் கசிந்து வரக் கண்டதும் ஒரு நாய் நடுநடுங்கியது. போரிலிருந்து திரும்பிய வீரர் பலரிடம் மருத்துவர்கள் கண்டதும் இத்தகைய நிலையே.

அமெரிக்காவின் விசுக்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்பவர் 1950களின் இறுதி முதல் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்தார். வட இந்தியாவிலும் பெருந்தொகையாக வாழும் ரீசஸ் இனக் குரங்குகள் அவை. ஆய்வுக்காக அவ்வினத்தைப் பல்லாண்டுகள் ஏற்றுமதி செய்துவந்த நம் நாடு, 1978இல் அதை நிறுத்தியது. பிறந்தது முதல் தனிமையில் அடைக்கப்பட்ட குட்டிகள் மூலையில் ஒடுங்கின. தம்மைத் தாமே கட்டிக்கொண்டு ஓயாமல் ஆடின. தம் உடலையே கடித்தன. கொடிய ஆய்வு இது. ஆயினும் அதன் பிற்பகுதியில் எதிர்பாராத ஒளி ஒன்று தென்பட்டது. தனிமையால் சிதைந்த குரங்குகளோடு, தம்மினும் இளைய, நலமான குட்டிகளைப் பழகவிட்டபோது, அக்குட்டிகள் ஒட்டி அணைத்து விளையாட விளையாட, சிதைந்தவை மெல்ல மெல்லத் தேறின. பிரிவு தந்த நோயைத் தணிக்க உறவே மருந்தாயிற்று.

இதை வனத்திலும் காண நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் பிலனெசுபர்க் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆண் யானைக் கன்றுகள், வேறிடத்தில் தம் கூட்டத்துப் பெரியவை சுட்டுக் கொல்லப்பட்டபின் எஞ்சியவை. மூத்தோர் இன்றி வளர்ந்த அவை, உரிய வயதுக்கு முன்பே மதம் கொண்டு, 1990களில் நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் முதிர்ந்த ஆண் யானைகள் ஆறு அங்கே கொண்டுவந்து விடப்பட்டன. கொலைகள் நின்றன. இயற்கையான மதமும்கூட, வழிகாட்டும் மூத்தோர் இல்லாதபோது நெறி தவறிப் போகிறது. தந்தையற்ற வீட்டின் துயரை அறிந்தோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஆரணிப் பட்டு நெசவின் சுற்றுவட்டாரத்தில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது சந்தவாசல். அம்மலையைத் தாங்கிய நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், மலையடிவாரக் கழனிகளில் சுற்றித்திரிந்த ஆறு காட்டு யானைகளை 2013இல் வனத்துறையினர் கும்கிகளின் துணையோடு பிடித்தனர். கரும்பையும் நெல்லையும் இழந்த உழவரின் கண்ணீரும் மெய். மனித உயிருக்கு நேர்ந்த அச்சமும் மெய். ஆனால் பிடிபட்ட காட்டு யானை ‘கரால்’ எனும் மரக்கூண்டுக்குள் கழிக்கும் நாள்களும் மெய்யே. யானையின் நினைவாற்றலைப் புகழும் நாம், அந்நினைவில் எதைப் பதிக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

முதுமலை முகாமில் வளர்ந்த மசினி என்னும் பெண் யானை 2015இல் சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்கு அனுப்பப்பட்டது. 2018 மே மாதத்தில் கோயிலுக்குள்ளேயே தன் பாகனைக் கொன்றது. பின்னர் முதுமலைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அங்கும் 2023இல் வேறொரு பாகன் அதனால் உயிரிழந்தார். இரண்டு குடும்பங்கள் தம் தலைவரை இழந்தன. அந்த யானையின் நோய் இன்னது என்று தொலைவிலிருந்து பெயர் சூட்ட நமக்கு உரிமையில்லை. ஆயினும் பெண் யானையாதலின் அது மதம் அன்று என்பது உறுதி. இடம் மாற்றியதனால் மட்டும் எல்லாம் சீராகிவிடவில்லை என்பதும் தெளிவு.

பிற சமயத்தாரின் குறையாக இதைக் காண்பது நமக்குத் தகாது. கேரளத்தில் நம் ஆலயத் திருவிழாக்களிலும் யானைகள் அணிவகுத்ததுண்டு. வெடியும் கொட்டும் கூட்டமும் அவற்றுக்கு எல்லா வாசலிலும் ஒன்றே. மேலும், தமிழக அரசு 2003 முதல் பல ஆண்டுகள் கோயில் யானைகளுக்கென நலவாழ்வு முகாம்களை முதுமலையிலும் பின்னர் தேக்கம்பட்டியிலும் நடத்தியது. தனித்து நின்றவை சில வாரங்களேனும் தம் இனத்தோடு கூடி வாழ வேண்டும் என்ற எண்ணமே அதன் சிறப்பு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைச் சர்க்கசில் ஆட்டுவிப்பதற்கு நடுவண் அரசு விதித்த தடையை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இதற்கு எல்லையும் உண்டு. நம் தறிகளில் ஓடும் பட்டு இழைக்காகக் கொதிநீரில் இடப்படும் கூட்டுப்புழுவுக்கும் மனநோய் உண்டு என எவரும் நிறுவவில்லை. மனம் நோக வேண்டுமானால் நினைவும் உறவும் அச்சமும் வாழும் உள்ளம் வேண்டும். அத்தகைய உள்ளம் நாய்க்கும் குரங்குக்கும் யானைக்கும் உண்டு என்பதற்குச் சான்றுகள் குவிந்துள்ளன. உடையவரைப் பிரிந்தால் பதறும் நாய்களுக்கென, மனிதரின் மனநோய்க்குத் தரும் மருந்து ஒன்றையே 1998இல் அமெரிக்க அரசு ஏற்பு செய்தது. எனினும் மனிதரின் மனநோய் முழுவதும் அவற்றுக்கும் உண்டு என்று சொல்லிவிட முடியாது. தம் உள்ளத்தைத் தம் வாயால் சொல்ல அவற்றால் இயலாது. நம்மால் காண முடிவது நடத்தை மட்டுமே.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. நாம் இங்குக் கண்ட விலங்குகளுள் பெரும்பாலானவை தனிமையாலும் சிறையாலும் சுற்றத்தை இழந்ததாலும் நோயுற்றவை. அவற்றைத் தனிமைப்படுத்தியதும் சிறைப்படுத்தியதும் பெரும்பாலும் மனிதக் கைகளே. ஆகவே ‘விலங்குக்கு மனநோய் உண்டா’ என்னும் வினா, ‘நீ அதற்கு என்ன செய்தாய்’ என்னும் வினாவாக நம்மிடமே திரும்பி வருகிறது.

திருச்சபை இதற்கு நிதானமாக விடை கூறுகிறது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என்று கற்பிக்கிறது. வறியோரின் துயர் துடைக்க முதன்மையாகச் செல்ல வேண்டிய பொருளை விலங்குகளுக்காகச் செலவிடுவதும் தகாது என்கிறது. 2015இல் திருத்தந்தை பிரான்சிசு வெளியிட்ட சுற்றுமடலும் இப்படிப்பினையை நினைவூட்டியது. யானையின் நலமும் பாகன் குடும்பத்தின் நலமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. பாகனுக்குப் போதிய ஊதியமும் பயிற்சியும் ஓய்வும் இல்லாத இடத்தில் யானைக்கும் நிம்மதி இராது.

திருவிவிலியத்தில் ஓய்வுநாளின் கட்டளை மாட்டையும் கழுதையையும் சேர்த்தே எண்ணுகிறது. இறைவாக்கினர் யோனாவின் நூலோ ஒரு வினாவோடு முடிகிறது. நினிவே மாநகரின் மக்களுக்காக இரங்கும் ஆண்டவர், அந்நகரின் திரளான கால்நடைகளையும் அதே மூச்சில் நினைவுகூர்கிறார். யோனா என்ன விடை அளித்தார் என்று நூல் கூறவில்லை.