நிறம் மங்கிய படமும் ஓர் இலவசக் கருவியும்

ஜிந்துப்பிட்டியில் என் அறைக்கு ஓர் அம்மா மகனின் படத்தைக் கொண்டு வந்தார். ஒவ்வொரு இடப்பெயர்விலும் பையில் காவிய படம். “நிறத்தை மட்டும் சரிப்படுத்தித் தாங்கோ தம்பி. முகத்தை மாத்திப்போடாதேங்கோ” என்றார். மகன் காணாமல் ஆக்கப்பட்டவர்.

பழைய வண்ணப் படங்களில் பெரும்பாலும் நீலப்பச்சைச் சாயமே முதலில் மங்குகிறது. அதனால் இருண்ட பகுதிகள் சிவக்கும். வெளிர் பகுதிகளில் மஞ்சள் ஏறும். முழுப் படத்துக்கும் ஒரே திருத்தம் செய்தால் ஒன்று சரியாகும், மற்றது கெடும்.

திறந்த மூல மென்பொருளான டார்க்டேபிளின் 3.6 பதிப்பு 2021 ஜூலையில் வெளிவந்தது. அதில் ஒரேலியன் பியர் உருவாக்கிய ‘கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி’ என்ற கருவி சேர்ந்தது. அது படத்தை ஒளியளவைக் கொண்டு இருள், நடுத்தரம், வெளிச்சம் எனப் பிரிக்கிறது. ஒவ்வொன்றின் நிறத்தையும் தனித்தனியே திருத்தலாம். எல்லைகள் மெல்லக் கலப்பதால் முகத்தில் கோடு விழாது.

திருத்தங்கள் எக்ஸ்எம்பி என்ற தனிக் கோப்பில் பதிவாகின்றன. ஸ்கேன் செய்த மூலம் மாறாது. காணாமல் ஆக்கப்பட்டவரின் படம் நினைவு மட்டுமல்ல, சான்றும்கூட. எதை மாற்றினோம் என்று நாளை யாரும் கேட்டால் காட்ட முடிய வேண்டும்.

அம்மாவிடம் பழைய படத்தையும் புதிய பிரதியையும் கொடுத்தேன். ஸ்கேனையும் திருத்தக் கோப்பையும் ஒரு பென்டிரைவில் சேர்த்துக் கொடுத்தேன்.