தச்சர் வாங்கு வந்த வரலாறு

யாழ்ப்பாணத்திலிருந்து கீரிமலைக்குச் செல்லும் அடியவர் தெல்லிப்பழையைக் கடந்ததும் மாவிட்டபுரத்தில் ஒருகணம் நின்று, கந்தசுவாமி கோயிலைக் கும்பிட்டே மேற்றிசைக்குத் திரும்புவர். குதிரைமுகம் எய்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப்பெற்றாள் என்றும், அதனால் அவ்வூர் மாவிட்டபுரம் ஆயிற்று என்றும் ஐதிகம் கூறும். ஐதிகம் நிற்க. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று மாவைக் கந்தன் கீரிமலைக்கு எழுந்தருளித் தீர்த்தமாடுவதும், அதற்கு முன்னர்த் தேரேறுவதும் கண்கூடான வழக்கு. தேரேறிய தெய்வத்தைப் பாடினோர் பலர். தேரிழுத்த அடியாரைப் புகழ்ந்தோரும் உளர். அத்தேருக்குரிய மரத்தைத் தச்சன் எங்கே கிடத்தினான், எதனால் அசையாது பிடித்தான் என்று வினவினோர் மிகச் சிலர். வினா சிறிது. விடையோ யாழ்ப்பாணத்தின் நானூறு ஆண்டு வாழ்க்கையைத் தொட்டுச் செல்கின்றது.

மரவேலைக்கெல்லாம் அடிப்படையான இடர் ஒன்றே. உளி முன்னே தள்ளப்படும்போது மரமும் உடன் நகர முயல்கின்றது. நகரும் மரத்தின்மேற் கூரிய உளியும் மழுங்கிய உளியும் ஒன்றுதான். ஆகவே வெட்டுவதற்கு முன்னே பிடித்தல் வேண்டும். நம் நாட்டுப் பழைய தச்சர் பெருமரத்தை அதன் சொந்தப் பாரத்தாலேயே நிற்கச் செய்தனர். சிறுமரத்தைத் தம் உடலாற் பிடித்தனர். நிலத்தில் இருந்து, பலகையின் ஒருதலையைப் பாதத்தால் மிதித்து, விரல்களால் நெருக்கி, மறுதலையிற் கொட்டாப்புளியும் உளியும் கொண்டு துளையிட்டனர். சீவுளி பிடிக்கும்போது நிலத்தில் அறைந்த முளையொன்று பலகையின் முன்தலையைத் தாங்கியது. பாதமும் பாரமும் போதாத இடத்தில் ஆப்பு உதவியது. பொருத்திய சட்டங்களை நெருக்கக் கயிற்றைச் சுற்றி, இடையில் ஒரு கோலைச் செருகி முறுக்கினர். இத்தனையும் சேர்ந்ததே தச்சனுடைய மேசை. மேசை என்று ஒரு பொருள் தனித்து இல்லாமையால், மேசையே இல்லை என்று பின்வந்தோர் எண்ணினர்.

பிடித்தலின் அருமையை அறியப் புறநானூற்றின் 87ஆம் பாடல் ஒன்றே போதும். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த தேர்ச்சக்கரம் போன்றவன் அதியமான் என்று ஔவையார் அங்கே கூறுகின்றார். உவமை மன்னனைப் பற்றியதாயினும், உவமைக்குள் ஒரு தொழிற்செய்தி ஒளிந்திருக்கின்றது. தேரின் மற்றைய உறுப்புக்கள் விரைந்து அமையலாம்; சக்கரம் அவ்வாறு அமையாது. வட்டம் பிழையாது வரவேண்டுமாயின் மரத்தை மீண்டும் மீண்டும் திருப்பிக் கிடத்திப் பிடித்தல் வேண்டும். காலம் வெட்டுவதிற் கழிவதிலும் கிடத்துவதிலும் அளவிடுவதிலும் கழிவதே மிகுதி. தொழிலை அருகிருந்து நோக்கியவர்க்கன்றி இவ்வுவமை வாய்த்திராது.

யாழ்ப்பாணத்தின் தனிச்சிறப்பான மரம் பனை. அகத்தே வைரமுடையதை மரம் என்றும் புறத்தே வைரமுடையதைப் புல் என்றும் தொல்காப்பியர் மரபியலிற் பகுத்தமையால், இலக்கணப்படி யாழ்ப்பாணத்து வீடுகளெல்லாம் புல்லாலே கூரை தாங்கின என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அப்புல்லைப் பிளந்தவரே அதன் வன்மையை அறிவர். முதிர்ந்த பனையின் புறவைரம் கருமையும் கடுமையும் உடையது. அதன் நார்கள் நீளவாக்கிற் கிடப்பவை. ஆப்பினை வரிசையாக இறக்கினால் நெடுக்கே பிளக்கும். குறுக்கே சீவ முயன்றால் நார் கிளம்பிக் கையைக் குத்தும். ஒல்லாந்தர் காலத்திற் கடல்கடந்தும் விற்கப்பட்ட இம்மரம், வளையாகவும் சிலாகையாகவும் ஆவதற்கு எந்த மேசையையும் வேண்டவில்லை. இரண்டு கட்டைகளின்மேல் நெடுக்கே கிடத்தி, ஏறிநின்று வாய்ச்சியால் வழித்தாற் போதும். இத்தகைய பாரமான மரத்தை இடுப்பளவு உயர்ந்த மேசையில் ஏற்றுவது வீண் உழைப்பு. நிலத்தில் இருந்து செய்த தொழில் அறியாமையால் விளைந்ததன்று. மரத்தின் இயல்பு அவ்வாறு வேண்டியது.

இதனை வலியுறுத்துதல் அவசியம். நிலத்தில் இருந்து பாதத்தாற் பிடிக்கும் தச்சனைக் கண்ட ஐரோப்பியர் சிலர் அதனைப் பின்தங்கிய முறையென இகழ்ந்தனர். நம்மவரிற் கற்றோர் சிலரும் அதனை நம்பினர். ஆயின் மரத்தொழிலில் உலகம் வியக்கும் யப்பானியத் தச்சரும் தாழ்ந்த கட்டைகளின்மேலும் சாய்த்துவைத்த உத்தரத்தின்மேலும் வேலைசெய்தவர்களே. அவர்கள் வாளையும் சீவுளியையும் தம்மை நோக்கி இழுத்தனர். இழுக்கும் தொழிலுக்கு உடலே தாங்கியாகும். ஐரோப்பாவிலுந்தான் உயர்ந்த மேசை ஆதிதொட்டு இருந்ததன்று. ஜேர்மனியிற் சால்பேர்க் என்னும் உரோமக் கோட்டையின் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்ட கி.பி. 2ஆம் நூற்றாண்டுத் தச்சுமேசைகள் தாழ்ந்தவை. தச்சன் அவற்றின்மேற் காலிட்டு இருந்து வேலைசெய்யலாம். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய ஹெர்க்குலேனியம் நகரின் சுவரோவியமொன்றிலும் தாழ்ந்த மேசையே காணப்படுகின்றது. உரோமனும் யாழ்ப்பாணத்தானும் பிடித்தலை ஒரேவிதமாகவே தொடங்கினர்.

வேறுபாடு எங்கே புகுந்தது என்பதை ஒரு சொல் காட்டித் தருகின்றது. அச்சொல் ‘வாங்கு’. நீண்ட இருக்கைப் பலகையை யாழ்ப்பாணத்தார் வாங்கு என்பர். தமிழ்நாட்டார்க்கு இது புதுமையாய்த் தோன்றும். வளைதல், பெறுதல் என்னும் பொருளுடைய தமிழ் வினையிலிருந்து இதனைப் பிறப்பிக்க முயலும் மாணாக்கரும் உண்டு, அது பொருந்தாது. போர்த்துக்கேய மொழியில் ‘பாங்கோ’ என்பது இருக்கைப் பலகையையும் தச்சனின் வேலைமேசையையும் ஒருங்கே குறிக்கும். இத்தாலியிற் காசுமாற்றுவோர் பணத்தைப் பரப்பிவைத்த பலகைக்கும் இதனோடொத்த பெயரே வழங்கியமையால், அதன்வழி வந்த ‘பாங்க்’ என்னும் ஆங்கிலச் சொல் நம்மிடம் வங்கியாயிற்று. வாங்கும் வங்கியும் உடன்பிறந்தன என்பது பலருக்கு வியப்பாகலாம். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி 1658 வரை ஆண்ட போர்த்துக்கேயர், கீரிமலை நகுலேச்சரம் முதலான கோயில்களை இடித்தவர்கள். அவர்தம் மொழிவழியாகவே மேசை, கதிரை, அலுமாரி, யன்னல் என்னும் சொற்களும் நம் வீட்டுக்குள் நுழைந்தன. ஒல்லாந்தர் இலாச்சியைத் தந்தனர். சொல் மாத்திரம் தனித்து வருவதில்லை, பொருளோடு வரும். அப்பொருளைச் செய்யவேண்டியவன் உள்ளூர்த் தச்சன்.

இங்கேதான் பழைய பிடிப்பு முதன்முதலாகத் தோற்றது. தேர்க்கட்டை தன் பாரத்தால் நிற்கும். அலுமாரிக் கதவுப் பலகை நில்லாது. அது மெல்லியது, அகன்றது, சீவுளி தொட்டவுடன் நெளிவது. இலாச்சியின் பக்கப்பலகை அதனினும் மெல்லியது. அதன் மூலைகளிற் புறாவால் போன்ற பற்களை வெட்டிப் பொருத்தும்போது மயிரிழை அசைவும் பிழையாகும். பாதத்தால் மிதித்துப் பிடித்தால் மிதித்த இடத்திலே வேலைசெய்ய இயலாது. பலகையை நிமிர்த்தி நிறுத்தி அதன் விளிம்பைச் சீவுவதோ பாதத்துக்கு இன்னும் அரிது. மெல்லிய பலகையே கவ்வியை வேண்டியது. கவ்வியே உயர்ந்த வாங்கை வேண்டியது.

ஐரோப்பாவில் அக்கவ்வி அதற்குச் சற்று முன்னரே முதிர்ந்திருந்தது. நியூரம்பேர்க் நகரத்து மார்ட்டின் லொஃபெல்ஹோல்ஸ் என்பவரது ஓவியச் சுவடி 1505ஆம் ஆண்டினது. திருகு பூட்டிய கவ்விகளையுடைய தச்சுமேசை அதில் வரையப்பட்டுள்ளது. அதே 1505 போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை முதலில் அடைந்த ஆண்டாகவும் நம் பாடநூல்களிற் கூறப்படுவது. தற்செயல் ஒற்றுமைதான், ஆயினும் நினைவில் நிற்கத்தக்கது. 1769 முதல் 1775 வரை பாரிசு நகரில் தச்சுக்கலை பற்றிய பெருநூலை வெளியிட்ட ரூபோ, தாமும் தச்சுத்தொழில் செய்தவர். அவர் காட்டும் மேசையின் மேற்பலகை ஒரே தடித்த மரம். அதில் ஆங்காங்கே துளைகள். வளைந்த இரும்புக்கொண்டி ஒன்றைத் துளையில் இறக்கி ஒரு தட்டுத் தட்டினால், அது துளைக்குள் சாய்ந்து இறுகி மரத்தை அழுத்திப் பிடிக்கும். பின்புறம் ஒரு தட்டுத் தட்டினால் விடும். திருகும் இல்லை, புரியும் இல்லை. நம் ஆப்பின் நெருங்கிய உறவினன் என்றே இக்கொண்டியைக் கூறலாம்.

வாங்கு வந்தபின் தச்சன் எழுந்து நின்றான். ஏறக்குறைய இதே மாற்றம் பள்ளியிலும் நிகழ்ந்தது. திண்ணையில் மணல் பரப்பி எழுத்துப் பயின்ற பிள்ளை, 1816இல் தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷனார் வந்து பள்ளிகள் பெருகிய பின் சிறிது சிறிதாக வாங்கில் ஏறியிருந்தான். அவ்வாங்கைச் செய்ததும் தச்சனே. நின்று செய்தலால் விளைந்த நன்மைகள் மெய்யானவை: முழு உடலின் வலிமையும் சீவுளிக்குக் கிடைத்தது, நீண்ட பலகையை ஒரே ஓட்டத்திற் சீவ முடிந்தது. இழப்பும் மெய்யானதே. நிலத்தில் இருந்தவன் தன் பாதத்தின்வழியே மரத்தின் நடுக்கத்தை உணர்ந்தான். உளி நரம்பை விட்டு விலகுவதைக் கண்ணுக்கு முன் கால் அறிந்தது. பாடசாலை மரவேலை வகுப்புகள் வாங்கையே தொழிலின் தொடக்கமாகக் கொண்டதனால், இருந்து வேலைசெய்யும் முதியவனிடமும் கற்கத்தக்கது ஒன்று உண்டு என்ற எண்ணம் மாணாக்கர் மனத்தில் எழவில்லை. இப்பிழைக்கு விலை கொடுக்கப்பட்டது.

20ஆம் நூற்றாண்டில் மரம் மேலும் மெலிந்தது. ஒட்டுப்பலகையும் மரத்தூளை அழுத்திய பலகையும் வந்தன. மின்வாளும் மின்துரப்பணமும் வந்தன. இப்போது மரத்தைத் தள்ளுவது கையன்று, பொறி. தென்னாபிரிக்காவிற் பிறந்து இங்கிலாந்திலே மோட்டார் வாகனங்களை வடிவமைத்த ரொன் ஹிக்மன், மரம் அரியும்போது தாங்கலாக வைத்த நாற்காலியையும் சேர்த்து அரிந்துவிட்டார். அத்தவற்றிலிருந்து, மேற்பலகை இரண்டாகப் பிளந்து தானே கவ்வியாக நெருங்கும் மடிப்புமேசையை அவர் அமைத்தார். நிறுவனங்கள் பல முதலில் அதனை ஏற்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் ‘வேர்க்மேட்’ என்னும் பெயரில் விற்பனைக்கு விட்டபின் அது உலகெங்கும் பரவியது. மேசையிற் கவ்வியைப் பூட்டுவது பழைய எண்ணம். மேசையே கவ்வியாவது புதிய எண்ணம்.

இன்றைய காடிமேசை இவ்வெண்ணத்தின் அடுத்த படி. உலோகஞ் சீவும் பொறிகளின் மேசையில் 19ஆம் நூற்றாண்டிலேயே வாய் குறுகி அடி அகன்ற காடிகள் வெட்டப்பட்டிருந்தன. அகன்ற தலையுடைய மரையாணியை ஒருமுனையாற் செலுத்தினால் அது காடி நெடுக ஓடும், மேலே எழாது, முறுக்கிய இடத்தில் இறுகும். அதே காடியை அலுமினியத் தண்டவாளமாக வார்த்து மரமேசைக்குள் இறக்கியதே தச்சர் கண்ட புதுமை. ரூபோவின் கொண்டி துளையுள்ள இடத்தில் மட்டுமே நிற்கும். காடிக்கவ்வியோ வேண்டிய இடத்தில் நிற்கும்.

செய்முறை எளிது போலத் தோன்றும். தண்டவாளம் பெரும்பாலும் முக்கால் அங்குல அகலமும் அரை அங்குலத்தை அணுகிய ஆழமும் உடையது. மேற்பலகை அதனினும் மும்மடங்கு தடித்ததாய் இருத்தல் நன்று. காடி வெட்டும்போது தண்டவாளம் பலகையின் மட்டத்துக்குக் கடுகளவு தாழ்ந்தே அமையவேண்டும். உயர்ந்தால் மேலே ஓடும் பலகை தடக்கும். கவ்வி இறுகும்போது தண்டவாளத்தை மேல்நோக்கி இழுக்கும் என்பதைப் பலர் மறக்கின்றனர். குறுகிய திருகாணி மரத்தூட் பலகையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். அடிவரை ஊடுருவி மரையிட்ட ஆணியே நிற்கும். கீரிமலை போன்ற கடலோரத்தில் வேறொரு கவலையும் உண்டு. வாடைக்காற்று மழைகொணரும் மாதங்களில் மரம் குறுக்கே பருக்கும். சோளகம் வீசும் மாதங்களிற் சுருங்கும். அலுமினியம் அவ்வாறு அசையாது. ஆதலின் நார்க்குக் குறுக்கே இறக்கும் தண்டவாளத்தின் ஆணித்துளைகளைச் சற்று நீளமாக்கிவிடல் வேண்டும். உப்புக்காற்றில் இரும்பாணி துருவேறுமாகையாற் துருவேறா உருக்காணி கொள்ளுதல் தக்கது. காடியின் இருமுனைகளையும் மூடலாகாது; மூடினாற் சீவல் நிறைந்து கவ்வி நடுவழியில் நின்றுவிடும்.

கீரிமலைக்கு இவையெல்லாம் பொழுதுபோக்குச் செய்தியல்ல. 1990இல் நகுலேச்சரம் குண்டுவீச்சிற் சிதைந்தது. வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். 2009இற் போர் முடிந்தபின் நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது. 2012இல் நகுலேச்சரத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. திரும்பிவந்தோர் பலர் கண்டவை கதவும் யன்னலும் கூரைமரமும் அகன்ற சுவர்கள். ஓர் ஊருக்கே கதவு செய்யவேண்டிய காலத்தில், தந்தையின் அருகிருந்து பழகவேண்டிய பிள்ளைகள் இருபது ஆண்டுக்குமேல் வேறுவேறு ஊர்களில் வளர்ந்திருந்தனர். பாதத்தாற் பிடிக்கும் பயிற்சி அவ்வாறு இடையறுந்தால் நூலைப் பார்த்து மீட்க முடியாது. காடிமேசையை ஒருவாரத்திற் பழகலாம். கதவும் யன்னலும் அலுமாரியும் இனி அம்மேசையிலேயே பிறக்கும். அதிற் குறைகாண இடமில்லை.

தேரின் செய்தி வேறு. காடிக்கவ்வி பற்றக்கூடிய தடிப்பு அதிகமாயின் ஒருசாண். தேர்ச்சக்கரத்துக்கு வேண்டிய கட்டை அதனுள் அடங்காது. மேசையின்மேல் ஏற்றவும் படாது. பந்தலின் கீழ் நிலத்திலே கிடத்தி, உருளாதபடி இருபுறமும் ஆப்பிறுக்கி, தச்சன் அதன்மேல் ஒருகாலை ஊன்றியே வாய்ச்சியை ஓங்குகின்றான்.